கொடுமுடிக் குயிலின் மறந்துபோன பாட்டுகள்

கே. பி. சுந்தராம்பாள் என்றதும் என்ன நினைவு வருகிறது? அவ்வைப் பாட்டி நினைவு வருகிறது. வெள்ளைப் புடவை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு கோல். பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலை ஏறிய முருகனைச் சமாதானம் செய்யும் அந்தக் குரல் நினைவு வருகிறது.

"திருவிளையாடல்" படம் 1965-ல் வந்தது. அன்று முதல் கொங்கு நாட்டில் மாரியம்மன் நோம்பி என்றாலும் சரி, தைப்பூசக் காவடி என்றாலும் சரி, மைக் செட்டுக்காரர் முதலில் போடும் பாட்டுகளில் அந்த அம்மையாரின் பாட்டு ஒன்று இருக்கும். பழனிக்கு நடந்து போகிறவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே நடப்பார்கள்.

நல்லதுதான். ஆனால் இந்தக் குரல் முருகனை மட்டுமா பாடியது?

இல்லை. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இதே குரல் காந்தியைப் பாடியது. சிறைக்குப் போகும் தொண்டர்களைப் பாடியது. மோதிலால் நேரு இறந்தபோது ஒப்பாரி வைத்தது. ஓட்டுக் கேட்டது. அந்தப் பாட்டுகள் கிராமபோன் தட்டுகளாக வெளிவந்து, ஊர் ஊராக விற்றன. இன்று அவற்றில் ஒன்றையாவது முழுதாகப் பாடிக் காட்டக்கூடியவர் கொடுமுடியிலேயே எத்தனை பேர் இருப்பார்கள்?

பக்திப் பாட்டு வாழ்கிறது. அரசியல் பாட்டு பரணில் கிடக்கிறது. இது சரியல்ல.

ரயிலில் பாடிய சிறுமி

கொடுமுடி காவிரிக் கரையில் உள்ள ஊர். ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சி போகும் ரயில் அங்கே நிற்கும். இன்று ஈரோடு மாவட்டம். ஈரோடு தனி மாவட்டமானது 1979-ல்தான். அதற்கு முன்பு அது கோயம்புத்தூர் ஜில்லா.

அந்த ஊரில் 1908-ல் பிறந்தார் சுந்தராம்பாள். தாயார் பெயர் பாலாம்பாள். வீட்டில் வறுமை. கொடுமையான வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமியின் குரலைக் கேட்டு அதிசயப்பட்டவர் எப். ஜி. நடேசய்யர் என்ற ரயில்வே அதிகாரி என்பார்கள். அவர் நாடகப் பிரியர். திருச்சியில் நாடக சபை நடத்தியவர். அவர் மூலமாகச் சிறுமி வேலு நாயர் கம்பெனி நாடகத்தில் சேர்ந்தாள். "நல்லதங்காள்" நாடகத்தில் பசியால் அழும் குழந்தை வேஷம் கிடைத்தது. அந்த வேஷத்துக்கு யாரும் நடிப்புச் சொல்லித்தர வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

பிறகு நடந்ததைப் பலரும் அறிவார்கள். இலங்கைக்குப் போனார். அங்கே செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் மேடை ஏறினார். 1927-ல் இருவருக்கும் கல்யாணம். கிட்டப்பாவின் குரலும் சுந்தராம்பாள் குரலும் சேர்ந்தால் கொட்டகை கொள்ளாது. ஆனால் வாழ்வு நீடிக்கவில்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். வயது 27. அம்மையாருக்கு 25.

அன்று வெள்ளைப் புடவை உடுத்தினார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். கடைசி வரை அந்த முடிவு மாறவில்லை.

இந்தக் கதையைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். படிக்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள். கண்ணீர்க் கதை முன்னால் வந்து நின்றதால், அந்த அம்மையார் செய்த இன்னொரு காரியம் மறைந்துபோயிற்று.

தினைப்புனத்தில் வெள்ளைக் கொக்கு

அந்தக் காலத்து நாடகத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1876-ல் வெள்ளை சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நாடகச் சட்டம். ராஜ துவேஷமான நாடகத்தைத் தடுத்து நிறுத்த அதிகாரிகளுக்கு அதிகாரம் கொடுத்தது அந்தச் சட்டம்.

நாடகக்காரர்கள் என்ன செய்தார்கள்? நாடகத்தை மாற்றவில்லை. "வள்ளி திருமணம்", "கோவலன்", "அரிச்சந்திரா" என்று பழைய நாடகங்களையே போட்டார்கள். நடுவில் பாட்டைச் செருகினார்கள்!

"வள்ளி திருமணம்" நாடகத்தில் வள்ளி தினைப்புனம் காக்கிறாள். பறவைகளை விரட்டுகிறாள். அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு வருகிறது. எங்கிருந்தோ பறந்து வந்து நம் வயலில் மேய்ந்து கொழுக்கும் கொக்கு. அதை விரட்ட வேண்டும் என்று பாட்டு. கேட்கிற ஜனங்களுக்குப் புரியாதா என்ன? கைத்தட்டல் வானைப் பிளக்கும். போலீஸ்காரரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். முருகன் வேஷக்காரர் கொக்கைத்தானே பாடினார்!

இப்படிப் பாடியதில் புகழ் பெற்றவர் விசுவநாத தாஸ். சிவகாசிக்காரர். மருத்துவர் குலத்தில், அதாவது முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காரணத்தால் அவருடன் ஜோடி சேர மறுத்த நடிகைகளும் உண்டு. பல முறை சிறை போனார். போலீஸ் பிடிக்க வந்தபோது முருகன் வேஷத்தோடேயே போனார் என்றும் கதை உண்டு. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேஷத்தில் மயில் மீது அமர்ந்திருந்தபடியே அவர் உயிர் பிரிந்தது.

மதுரை பாஸ்கரதாஸ் பாட்டுக் கட்டித் தருவார். 1892-ல் பிறந்து 1952-ல் மறைந்தவர். இன்று நடந்த செய்தி நாளைக்கு அவர் கையில் பாட்டாகிவிடும். அதை மறுநாள் மேடையில் பாடுவார்கள். நன்றாக எடுபட்டால் தட்டில் பதிவார்கள். காந்தியை ஏழைத் துறவியாகக் காட்டும் அவருடைய பாட்டு ஒன்றைச் சுந்தராம்பாள் பாடித் தமிழ்நாடெங்கும் பரவியது.

படிக்கத் தெரியாதவர்களின் பத்திரிகை

மோதிலால் நேரு இறந்தது 1931 பிப்ரவரி 6. அலகாபாத்துக்காரர். வட நாட்டு வக்கீல். காங்கயத்தில் மாடு மேய்த்தவருக்கு அவர் யார்? சென்னிமலையில் தறி நெய்தவருக்கு அவர் என்ன உறவு?

அந்தக் காலத்தில் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். மற்ற ஒன்பது பேருக்குப் பத்திரிகை இருந்தும் இல்லாதது போல. ரேடியோவும் பரவவில்லை. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது 1938-ல். திருச்சியில் 1939-ல். அதுவும் சர்க்கார் வானொலி.

ஆகவே, மோதிலால் போன செய்தியை சுந்தராம்பாள் ஒப்பாரியாகப் பாடித் தட்டில் கொடுத்தார். ஒப்பாரி என்றால் தமிழ்நாட்டில் யாருக்குத்தான் புரியாது? வீட்டில் ஒருவர் போனால் எந்த ராகத்தில் அழுவார்களோ, அதே உருக்கத்தில் ஒரு தேசத் தலைவருக்காக அழுதார். கேட்டவர்களுக்கு, போனவர் நம்மவர் என்று தோன்றிவிட்டது. ஆயிரம் பிரசங்கம் செய்யாத காரியத்தை ஒரு தட்டு செய்தது.

தட்டு என்றால் இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். கறுப்பாக, கனமாக, சாப்பாட்டுத் தட்டு அளவில் இருக்கும். அரக்கினால் செய்தது. கீழே விழுந்தால் அப்பளம் போல் நொறுங்கும். நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும். கரண்ட் வேண்டியதில்லை, சாவி கொடுத்தால் போதும். எஃகு ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடப் பாட்டுத்தான் கொள்ளும்.

இந்த மூன்று நிமிடம் மிகவும் முக்கியம். மேடையில் அம்மையார் ஒரே அடியை இழுத்து, நிரவி, விருத்தம் பாடி, விடிய விடியக் கொண்டுபோக முடியும். தட்டில் முடியாது. மூன்று நிமிடத்துக்குள் செய்தியும் இருக்க வேண்டும். சங்கீதமும் இருக்க வேண்டும். கேட்பவன் உள்ளமும் அசைய வேண்டும். சுந்தராம்பாள் அதைச் செய்தார். அப்பழுக்கில்லாத உச்சரிப்பு. ஒரு சொல்லும் விழுங்கப்படாது. சந்தைக் கடையின் இரைச்சலுக்கு நடுவில் கேட்டாலும் சொல் காதில் விழும்.

ஒரு கிராமபோன் பெட்டி ஊருக்கு ஒன்று இருந்தால் அதிகம். பண்ணையக்காரர் வீட்டிலோ, காப்பி கிளப்பிலோ இருக்கும். தட்டு ஒருவருடையது, கேட்டவர்கள் தெருவெல்லாம். இன்று ஆளுக்கு ஒரு செல்போன் இருக்கிறது. அந்தப் பாட்டுத்தான் இல்லை.

கொங்கு நாட்டுக்கு உரிமை உண்டு

அரசியல் பாட்டு என்றால் சென்னை, மதுரை என்றுதான் பேசுவார்கள். கொங்கு நாட்டை நூலுக்கும் மஞ்சளுக்கும் மோட்டாருக்கும் பேர் போன இடம் என்று ஒதுக்கிவிடுவார்கள். கோயம்புத்தூர்க்காரர்களும் அதை ஒப்புக்கொண்டு, மில் கணக்குப் பார்க்கப் போய்விடுவார்கள்.

உண்மை வேறு. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார். தொண்டர்கள் வழியெல்லாம் பாடிக்கொண்டு போன பாட்டை எழுதியவர் யார்? நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை. 1899-ல் உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பூளவாடியில் பிறந்த நாராயண கவி, நாடக மேடைக்குத் தேசப் பாட்டுகள் எழுதினார். பிறகு பகுத்தறிவுப் பக்கம் சாய்ந்து, என். எஸ். கிருஷ்ணனுக்குச் சிரிக்கவும் சிந்திக்கவும் பாட்டு எழுதினார். திருப்பூரில் 1932 ஜனவரியில் கொடியோடு ஊர்வலம் போய், அடிபட்டு, மறுநாள் இறந்தாரே குமரன், அவர் பிறந்த சென்னிமலை கொடுமுடிக்கு அதிக தூரமில்லை.

எழுதிய கை நாமக்கல்லிலும் உடுமலையிலும். ரத்தம் சிந்தியது திருப்பூரில். பாடிய தொண்டை கொடுமுடியில். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு ஜில்லா தனக்குப் பாட்டு வரலாறே இல்லை என்று நினைத்தால் அதை என்னவென்று சொல்வது?

தலைவர்கள் தேடி வந்தார்கள்

கிட்டப்பா இறந்த பிறகு அம்மையார் வெளியே வரவில்லை. கொடுமுடியில் முடங்கிக் கிடந்தார். அவரை வெளியே கொண்டுவர முயன்றவர்களில் முக்கியமானவர் தீரர் சத்தியமூர்த்தி. நாடகத்தின் பலம் என்ன என்று நன்றாக அறிந்த காங்கிரஸ் தலைவர் அவர். தாமே நாடகத்தில் நடித்தவர். 1928-ல் பாரதியார் பாட்டுகளைச் சென்னை சர்க்கார் பறிமுதல் செய்தபோது, சட்டசபையில் எழுந்து வாதாடியவர். பாட்டுக்குச் சர்க்கார் ஏன் பயப்படுகிறது என்பது அவருக்குத் தெரியும்.

1935-ல் "நந்தனார்" படம் வந்தது. சுந்தராம்பாள்தான் நந்தனார்! ஆண் வேஷம். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அதுவரை யாரும் கேள்விப்படாத தொகை. சம்பளக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால், காந்தி 1934-ல் தமிழ்நாடு முழுவதும் தீண்டாமைக்கு எதிராகச் சுற்றி வந்த மறு வருஷம், கோயிலுக்குள் போக முடியாத ஒருவரின் கதையில் ஒரு பெண் வேஷம் கட்டினார் என்பதைச் சொல்லுகிறவர்கள் குறைவு. அந்தக் கதையில் குறை உண்டு. நந்தனார் நெருப்பில் குளித்துத்தானே உள்ளே போக வேண்டியிருக்கிறது? அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். படம் வந்த காலத்தில் அந்த அளவுக்குப் பேசியதே பெரிதாயிருந்தது என்பதும் உண்மை.

1937-ல் தேர்தல் வந்தது. காங்கிரஸ் சென்னை மாகாணத்தில் 215 இடங்களில் 159 இடங்களைப் பிடித்தது. அந்தத் தேர்தலில் சுந்தராம்பாள் மேடை மேடையாகப் பாடினார். தலைவர் வரத் தாமதமானால் கூட்டம் கலைந்துவிடும். அம்மையார் பாடினால் கலையாது. பாட்டு முடிந்து தலைவர் பேச எழுந்தால் கலையும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம், பொய்யாக இருக்காது.

காந்தி கொடுமுடிக்கு வந்தபோது நடந்ததாக ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். அம்மையார் தங்கத் தட்டில் சாப்பாடு வைத்தாராம். "சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா?" என்ற பாவனையில் காந்தி கேட்டாராம். தட்டை அப்படியே கொடுத்துவிட்டாராம். அங்கேயே ஏலம் விட்டுக் கட்சி நிதிக்குச் சேர்த்தார்கள் என்று கதை முடியும்.

தங்கத் தட்டை நினைவு வைத்திருக்கிறார்கள். அரக்குத் தட்டை மறந்துவிட்டார்கள்!

1950-களில் அம்மையார் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்ட சபைக்குள் போன முதல் சினிமாக் கலைஞர் அவர்தான் என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் பின்னால் எத்தனை நடிகர்கள் கோட்டைக்குப் போனார்கள் என்பது தெரிந்த விஷயம். அந்தக் கதவை முதலில் திறந்தவர், ரயிலில் பாடிய ஒரு கொடுமுடிப் பெண். ஆனால், சினிமாவும் அரசியலும் பற்றிப் பேசுகிறவர்கள் ஆண் நடிகர்களிடமிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள்.

கூட்டம் சேர்க்க அம்மையாரின் குரல் வேண்டும். வரலாற்றில் எழுதும்போது பெயர் வேண்டாம். நாடக மேடைப் பெண்களைக் "கூத்தாடிகள்" என்று இளக்காரமாகப் பேசிய காலம் அது. அந்த இளக்காரம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

"இது வெறும் பிரசாரம்" என்பார்கள்

சங்கீதம் தெரிந்த சிலர் ஒரு வாதம் சொல்வார்கள். "அந்தப் பாட்டுகள் பிரசாரப் பாட்டுகள். அந்த நேரத்துக்கு உதவியது. இன்று கேட்க என்ன இருக்கிறது? தலைவரைப் புகழ்ந்து பாடினால் அது இலக்கியமாகுமா?"

வாதத்தில் பாதி உண்மை. எல்லாப் பாட்டும் உயர்ந்த பாட்டல்ல. சிலவற்றில் சொல் மலிவு. சிலவற்றில் தலைவரைத் தெய்வமாக்கும் பழக்கம் தெரிகிறது. அந்தப் பழக்கம் பின்னால் தமிழ்நாட்டில் எங்கே போய் நின்றது என்பதை ஒவ்வொரு தெருமுனை பேனரும் சொல்கிறது. அது எங்கே தொடங்கியது என்று தெரிந்துகொள்ளவாவது அந்தத் தட்டுகளைக் கேட்க வேண்டாமா?

மறு பாதி தவறு. சுந்தராம்பாள் கூலிக்குப் பாடியவர் அல்ல. தமக்குச் சம்மதமில்லாத சொல்லை அவர் வாயிலிருந்து வாங்க முடியாது. 1964-ல் "பூம்புகார்" படத்தில் கவுந்தி அடிகளாக நடித்தார். வசனம் மு. கருணாநிதி. தெய்வத்தைக் கேள்வி கேட்பது போன்ற ஒரு வரியைப் பாட மாட்டேன் என்று அம்மையார் சொல்லிவிட்டாராம். கருணாநிதியும் வரியை மாற்றிக் கொடுத்தாராம். சினிமா வட்டாரத்தில் பலமுறை சொல்லப்பட்ட சம்பவம் இது. அப்படிப்பட்டவர் காந்தியைப் பாடினார் என்றால், நம்பித்தான் பாடினார்.

இங்கிலாந்தில் நடந்த ஒன்றைப் பார்க்கலாம். 1976, 77-ல் லண்டனில் வேலையில்லாத இளைஞர்கள் மத்தியில் "பங்க்" என்று ஒரு பாட்டு முறை கிளம்பியது. கிழிந்த சட்டை, முரட்டுக் கிட்டார், கூச்சல். சங்கீத வித்துவான்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மகாராணியின் வெள்ளி விழா வருஷத்தில் அரண்மனையைக் கேலி செய்து ஒரு கோஷ்டி பாடிய பாட்டை பி. பி. சி. ஒலிபரப்ப மறுத்தது.

அவர்களில் "கிளாஷ்" என்று ஒரு கோஷ்டி. அரசியலே அவர்கள் பாட்டு. 1980-ல் மூன்று தட்டுகள் சேர்ந்த ஒரு தொகுப்பு போட்டார்கள். 36 பாட்டுகள். நிகராகுவா நாட்டுப் புரட்சிக்காரர்களின் பெயரைத் தொகுப்புக்கு வைத்தார்கள். ஏழைப் பிள்ளைகளும் வாங்க வேண்டும் என்று, மூன்று தட்டையும் ஒரு தட்டு விலைக்கு அருகில் விற்கச் செய்தார்கள். அதற்காகத் தங்கள் வரும்படியில் விட்டுக்கொடுத்தார்கள். வந்த புதிதில் "இவ்வளவு நீளமா?" என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் இன்று அந்த 36 பாட்டும் கிடைக்கும். எந்தப் பாட்டு எந்த மாதம் எங்கே பதிவானது என்று புத்தகம் போட்டு வைத்திருக்கிறார்கள். பலரும் கவனிக்காத பாட்டைத் தேடிப் பிடித்து, "இதைக் கேட்டீர்களா?" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கூச்சல் பாட்டு என்று அவர்கள் எறிந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் தேன் போன்ற குரலையே எறிந்துவிட்டார்கள்.

முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. தாராபுரத்தில் பிறந்த தியடோர் பாஸ்கரன் 1981-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். நாடகம், கிராமபோன், சினிமா மூன்றும் சுதந்திரப் போராட்டத்துக்குச் செய்த வேலையைப் பற்றியது. சுந்தராம்பாளின் அரசியல் பாட்டுகளைப் பற்றித் தெரிந்துகொள்ள அது நல்ல வழிகாட்டி. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் பழைய தட்டுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் காப்பாற்றி வருகிறது. தட்டு சேகரிக்கும் தனி மனிதர்கள் சிலர், சொந்தக் காசைச் செலவழித்துச் சேர்க்கிறார்கள். ஆனால் கொடுமுடிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் காதுக்கு அது வந்து சேரவில்லை.

சட்டம் தடுக்கவில்லை

"பதிப்புரிமை கம்பெனியிடம் இருக்கிறது; தொட முடியாது" என்று சிலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டியதில்லை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1931-ல் வந்த தட்டுக்குக் காலம் முடிந்து பல வருஷம் ஆகிறது. பாட்டு எழுதியவருக்கு, அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள். பாஸ்கரதாஸ் மறைந்தது 1952. அந்தக் காலமும் 2012-ஓடு முடிந்தது. பழைய தட்டை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்து ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். கேட்க ஆள் இல்லை.

சர்க்கார் பல தமிழ்ப் புலவர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. எழுதினவர்களுக்கு மரியாதை கிடைத்தது. பாடினவர்களுக்கு? புத்தகத்தை நாட்டுடைமை ஆக்கத் தெரிந்த சர்க்காருக்கு, ஒரு குரலைத் திரட்டி வைப்பது பெரிய காரியமா? ஈரோட்டிலோ கோவையிலோ ஒரு சிறிய அறை போதும். சுந்தராம்பாள் பாடிய தட்டுகளின் வரிசை எண், பதிவான வருஷம், பாட்டு எழுதியவர் பெயர், இவற்றோடு ஒரு பட்டியல் முதலில் வேண்டும். தட்டில்லாவிட்டாலும் பரவாயில்லை; கம்பெனிகள் அந்தக் காலத்தில் அச்சிட்ட விலைப் பட்டியல்களும் பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. எது கிடைத்திருக்கிறது, எது கிடைக்கவில்லை என்று தெரிந்தால்தான் தேட முடியும்.

1970-ல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. "துணைவன்" படப் பாட்டுக்காக, சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருதும் கிடைத்தது. இரண்டும் நியாயமானவை. 1980-ல் காலமானார். அவர் பாடிய தேசப் பாட்டுகளுக்கு எந்த விருதும் இல்லை. அந்தக் காலத்தில் அதற்குப் பரிசு என்று ஒன்று இருந்தால் அது சிறைச்சாலைதான்.

ஈரோடு, கரூர், தாராபுரம், கோபி, பொள்ளாச்சிப் பக்கத்தில் பழைய வீடுகள் பல இன்னும் இருக்கின்றன. அட்டாலியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். தாத்தா காலத்து ரேக்ளா வண்டி படம், உடைந்த கடிகாரம், செம்புக் குடம், இவற்றோடு பத்து இருபது கறுப்புத் தட்டுகளும் இருக்கலாம். வீடு இடிக்கும்போது செம்புக்கு விலை பேசுகிறவர்கள் தட்டுகளைக் குப்பையில் போடுகிறார்கள்.

அப்படிக் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தட்டு விரியும்; செங்குத்தாக நிற்க வைக்க வேண்டும். வெயில் ஆகாது, அரக்கு வளைந்துவிடும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும், பாட்டும் கூடவே போகும். மெல்லிய துணியால் தூசியைத் தட்டினால் போதும். புதுக் காலத்து ரெக்கார்ட் பிளேயரின் ஊசியைத் தட்டில் வைக்க வேண்டாம். கோடுகளின் அகலம் வேறு. பிறகு நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைப் படிக்க வேண்டும். அதில் சுந்தராம்பாள் பெயர் இருந்து, பாட்டின் பெயரில் காந்தியோ நேருவோ கதரோ சிறையோ இருந்தால், அந்தத் தட்டை எடைக்குப் போடாமல், பதிவு செய்யத் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும்.